‘அம்மா’ என்ற பழைய கனெக்‌ஷன்

1. நேரில் வந்த வாடிக்கையாளர்

ஆர்.எஸ்.புரத்தில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வாடிக்கையாளர்கள் போனில்தான் கூப்பிடுவார்கள். ராமசாமி மட்டும் போத்தனூரிலிருந்து பஸ் பிடித்து நேரில் வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் கடையின் பில்லை மடித்து வைத்திருந்தார்.

“ஏனுங்க, எங்கூட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு மாசமா மெயிலே வர்றதில்லீங்க. போனும் செத்துப்போச்சு. ரெண்டுல ஒண்ணாவது வேணுமுங்க. என்ற மக அமெரிக்காவுல மாசமா இருக்குது.”

போன மாதம்தான் எங்கள் கடைப் பையன் ஒருவன் அந்த வீட்டுக்குப் போய்ப் புது இன்டர்நெட் கனெக்‌ஷன் போட்டுவிட்டு வந்திருந்தான். முதலாளி பில்லைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மணி, நீங்களே போயிப் பாத்துட்டு வந்துருங்க. பழசை எதையும் தொடாதீங்க. புதுசா ஒண்ணு சேத்து உட்டுட்டு வந்துருங்க. டெலிட் பண்ணுனா நாளைக்கு ‘அதைக் காணோம், இதைக் காணோம்’னு நம்ம தலையில வந்து உழும்.”

இது எங்கள் கடையில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. அன்று கோயம்புத்தூரில் சர்வீஸுக்குப் போன எல்லோரும் அப்படித்தான் செய்தோம். கம்ப்யூட்டர் வீட்டு போன் லைனிலேயே இன்டர்நெட் கம்பெனியின் நம்பரை டயல் செய்யும்; கம்பெனி அந்த நம்பரை மாற்றினால் புது நம்பருக்கு ஒரு ஐகான் போடுவோம். பழையது ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். யாருக்கும் அதனால் கெடுதல் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

டிவிஎஸ் மொபெட்டில் டூல் பையை வைத்துக்கொண்டு, ராமசாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த வருடம் என் மகன் சரவணனுக்குச் சிங்கப்பூரில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. வழியெல்லாம் ராமசாமி சொன்ன ‘ரெண்டுல ஒண்ணாவது’ காதில் இருந்தது.

2. சிக்னல்

கதவைத் திறந்த ராமசாமியின் மனைவி சரோஜினி அம்மாள் என்னைப் பார்த்ததும் கணவர் பக்கம் திரும்பினார். “இஞ்சினியர கூட்டியாரேன்னு சொல்லிப்போட்டு, யாரோ பொம்பளப் புள்ளய கூட்டியாந்திருக்கீங்க?”

“இவிங்கதான் இஞ்சினியருங்கறேன். நீ காப்பி வெய்யி.”

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் மோடம். அதன் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

“அது அணைக்கறதே இல்லீங்க,” என்றார் ராமசாமி. “ராப்பகலா ஓடுது. கரண்டு போனா மட்டும்தான் நிக்கும்.”

“ஏனுங்க?”

“சிக்னல் போடாம வண்டி எப்படிங்க உள்ள வரும்? நாம அணைச்சுப்போட்டா, புள்ள அனுப்பற மெயிலு ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருமுங்க.”

மெயில் திரும்பிப் போகாது, கம்பெனியின் சர்வரில் காத்திருக்கும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

போனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். சரோஜினி அம்மாள் சொன்னார்: “எடுத்தா ஒரு பொம்பள பேசுறாளுங்க. ‘இந்தத் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை’ங்கறா. நம்ம போனைத்தான் கட் பண்ணிப்போட்டாங்கன்னு எக்ஸ்சேஞ்சுல எழுதிக் குடுத்தோம். லைன்மேன் வந்து பாத்தப்ப நல்லா இருந்துச்சு. அன்னிக்குப் பாத்து இங்க கரண்டு இல்ல.”

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். எந்த நம்பரையும் சுற்றவில்லை. அதே குரல் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மோடத்தின் பக்கம் போனது. லைனை எடுத்திருக்கிறது என்பதைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அந்த லைட்டு எரிஞ்சா புள்ள மெயிலு வந்துட்டு இருக்குதுன்னு அர்த்தமுங்க,” என்றார் சரோஜினி அம்மாள். “பக்கத்துலயே உக்காந்துக்குவேன்.”

மெயில் புரோகிராமின் செட்டிங்குகளைத் திறந்து பார்த்தேன்; அவர்களிடமும் கேட்டேன்.

அமெரிக்கா போகும் முன் மகள் எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறாள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மெயில் புரோகிராம் தானே டயல் செய்யும். கிடைக்காவிட்டால் மறுபடி மறுபடி ரீடயல் செய்யும். அப்பாவுக்கு மோடத்தின் கீச்சொலி பிடிக்காது என்று அதன் ஸ்பீக்கரையும் நிறுத்தியிருக்கிறாள். கம்பெனி நம்பரை மாற்றியபோது எங்கள் ஆள் புது கனெக்‌ஷனைச் சேர்த்தான்; பழையதைத் தொடவில்லை. மெயில் புரோகிராம் பழையதையே பிடித்துக்கொண்டு, இல்லாத நம்பரை ஒரு மாதமாகச் சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரமெல்லாம் இந்த வீட்டு போன் எங்கேஜ்டு.

மகள் வருவதற்காக இவர்கள் அணைக்காமல் வைத்திருந்ததுதான் மகளை வரவிடாமல் தடுத்திருக்கிறது. அதை எப்படிச் சொல்வது? “பழைய கனெக்‌ஷன் லைனைப் புடிச்சுட்டு இருக்குதுங்க, எடுத்துரலாம்,” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்க அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுப் பாக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“பூத்துல போயி அடிச்சேனுங்க. மிஷினு இங்கிலீசுல பேசுது. புள்ள குரல் இல்ல,” என்றார் ராமசாமி.

3. டெலிட்

டயல்-அப் ஃபோல்டரைத் திறந்தேன். சென்னை நம்பருக்கு ஒன்று, டெஸ்ட் என்று ஒன்று, புதுசு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு புதுசு. வேலை செய்யும் புதுசு ஒன்றை விட்டுவிட்டு, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. அதன்படி நடக்கவில்லை. அழிக்க வேண்டியதில் கடைசியாக நின்றது ‘அம்மா’. லைனைப் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

“அதை உட்டுருங்க அம்மணி,” என்றார் சரோஜினி அம்மாள். “போறப்ப என்ற கையப் புடிச்சு மவுஸ் மேல வெச்சு, ‘இதை அமுக்குனா நான் வந்துருவேன்’னு சொல்லிட்டுப் போனா.”

புது கனெக்‌ஷனுக்கு அதே பெயரை வைத்துத் தருகிறேன் என்றேன். சற்று யோசித்தார்.

“வேண்டாமுங்க. அது அவ வெச்சதாகாது. போன் வந்தாப் போதும். எடுத்துருங்க.”

டெலிட் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவர் கையை மவுஸின் மேல் வைத்தேன். மகள் சொல்லிக் கொடுத்தபடியே அமுக்கினார். ஐகான் போய்விட்டது. புது கனெக்‌ஷனில் மெயிலை எடுத்துப் பார்த்தேன்; மகளிடமிருந்து ஒன்றும் இல்லை. தானாக டயல் செய்வதை நிறுத்தினேன். பிறகு ராமசாமியிடம், இனி மெயில் பார்த்ததும் அணைத்துவிடுங்கள் என்றேன். அவர் சுவிட்ச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். “அணைச்சு உடுங்க,” என்று மனைவி சொன்ன பிறகுதான் அணைத்தார். ராப்பகலாக ஓடிய கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம் நின்றது. ரிசீவரை எடுத்துக் கொடுத்தேன். இருவரும் மாற்றி மாற்றி டயல் டோனைக் கேட்டார்கள்.

காப்பி குடித்து முடிக்கும் வரை போன் அடிக்கவில்லை. கிளம்பிவிட்டேன். மொபெட்டை எடுக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு நாற்காலிகளையும் போன் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் கடைக்கு போன் வந்தது. ராமசாமி.

“புள்ள பேசுச்சுங்க. பொம்பளக் கொழந்தை. எட்டாம் மாசமே பொறந்து கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்களாம். இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “புள்ள கண்ணாலத்தப்ப நான் கோவத்துல ஒரு வாட்டி, அது கூப்புட முடியாதபடிக்கு ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டேனுங்க. இப்பவும் அப்படித்தான் வெச்சுட்டேன்னு நெனச்சு, ஆஸ்பத்திரியில மெயிலு அனுப்ப வழியில்லாமப் படுத்துட்டே, போனை அடிச்சு அடிச்சுப் பாத்து அழுதுதாம்.”



4. எங்கள் வீட்டில்

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். புதியதைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. பழையது இன்னும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மவுஸைத் தொடும் முன் அந்த வீட்டு போனை எடுத்துக் காதில் வையுங்கள்.

சரவணன் சிங்கப்பூர் போய்விட்டான். எங்கள் வீட்டு ஃபோல்டரில் ஒரே ஒரு கனெக்‌ஷன்தான் இருக்கிறது. தானாக எதுவும் டயல் ஆகாது. கம்ப்யூட்டரை அணைத்துத்தான் வைக்கிறேன். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், அவன் பேசும் நேரம் நெருங்கும்போது, நான் போய் ரிசீவரை எடுத்து டயல் டோன் இருக்கிறதா என்று கேட்பேன். வைப்பேன். மறுபடி எடுப்பேன்.

போன ஞாயிறு என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். “ஏம்மணி, நீ இப்படி எடுத்து எடுத்துப் பாத்துட்டிருந்தா, அவன் அடிக்கறப்ப எங்கேஜ்டுன்னுதான வரும்?”

ரிசீவரை வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.