அக்காவின் கரைக்குப் போகாத வண்டல்

நீர்த்தேக்கத்தில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று அளக்க வந்தவர்களுக்கு நான்தான் படகு ஓட்டினேன். ஒகேனக்கல்லுக்குக் கீழே, காவிரி ஓட்டம் அடங்கி ஏரிபோல் விரியும் இடம். அடியில் இறக்கிய குழாயில் ஏறிவந்த சேற்றைத் தொட்டுப் பார்த்த பொறியாளர், "இதெல்லாம் கடலுக்குப் போக வேண்டிய மண்ணுங்க" என்றார். ஓடும் தண்ணீர் மண்ணைச் சுமந்து போகுமாம். நின்றதும் கீழே போட்டுவிடுமாம். கடலடியில் படிய மண் வராவிட்டால் அலை கரையைத் தின்ன ஆரம்பிக்குமாம்.

காவிரி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில்தான் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே முதலில் தென்னை மரங்கள் கடலில் போயின. பிறகு அடுப்படிச் சுவர். அதே வருடங்களில் நான், கோடையில் தண்ணீர் வற்றியதும் இந்த வண்டலை டிராக்டரில் அள்ளிவந்து என் நிலக்கடலைக் காட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். "கடலை இந்த வருசம் நல்லா காச்சிருக்குதுக்கா" என்று போனில் பெருமை வேறு பேசியிருந்தேன்.

பொறியாளர் சொன்னதைக் கேட்ட பிறகு அவளுக்குப் போன் செய்யவே கூச்சமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் வீட்டோடு சேர்த்து, இறந்துபோன அவள் கணவரை, என் மாமாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தையும் கடல் கொண்டுபோனது. அக்கா ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை காட்டுக்கு வந்தவள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள்.

"நல்ல மண்ணா இருக்குதே தம்பி. எங்க எடுத்த?"

மறைத்திருக்கலாம். முடியவில்லை. பொறியாளர் சொன்னதையெல்லாம் சொன்னேன். "இது மட்டுமே காரணம் இல்லையாம்க்கா. இதுவும் ஒண்ணாம்."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள்.

"நீயா ஆத்த நிறுத்துன? நீ ஏன்டா அழுவுற?" என்றாள். பிறகு அவள் குரலும் உடைந்தது. "அவரு மேல நான் போட்ட மண்ணாவது நின்னிருக்கலாம்."

அதற்குப் பிறகு நான் வண்டல் அள்ளப் போகவில்லை. அதனால் அக்காவின் கரையில் ஒரு பிடி மண்கூட அதிகமாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

கல்லறைத் திருநாளன்று எங்கள் அப்பாவின் கல்லறையில் அக்கா இரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றினாள். இரண்டாவது யாருக்கு என்று, ஜெபிக்க வந்த பங்குச் சாமியார் கேட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான்தான் மாமாவின் பெயரைச் சொன்னேன்.