முழங்கால் தண்ணீர்

என் சாவிக் கொத்தில் ஒரு செம்மஞ்சள் விசில் தொங்குகிறது. அத்தான் தன் உயிர்காப்பு அங்கியிலிருந்து கழற்றித் தந்தது. குருநகர்க் கரையருகே நான் தோணியிலிருந்து தவறி விழுந்து, தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நான் தாழுறன்!" என்று குழறிய நாள் அது. எனக்கு இருபது வயது. அத்தான் தோணியில் இருந்தபடியே சொன்னார்: "எழும்பி நில்லடா மச்சான்." எழும்பினேன். தண்ணீர் முழங்கால் மட்டும்தான். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மூன்று மாதம் அந்தப் பக்கம் நான் போகவில்லை. அன்றே அத்தான் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "இனித் தாழுறதெண்டால் இதை ஊது. நான் வாறன்" என்றார்.

அக்காவின் கணவரான அவர் கப்பல் மாலுமி. போரில் தரைப்பாதை மூடிக்கிடந்தபோது திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குச் சாமான் ஏற்றி வந்த கப்பல்களில் ஒன்றில் வேலை. ஒரு பயணம் வந்து சேரவில்லை. கப்பலும் இல்லை, உடலும் இல்லை.

அக்கா கறுப்பு உடுக்கவில்லை. நவம்பரில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டு பெட்டிகள் வைப்பார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு மன்றாட ஒன்று, இறந்தவர்களுக்கு மற்றது. இறந்தவரின் பெயர் வாசிக்கும்போது அவர் வீட்டார் எழுந்து நிற்கவேண்டும். இத்தனை ஆண்டும் அத்தானின் பெயர் முதற்பெட்டியில்தான். துண்டுக் காகிதத்தில் எழுதுவது அக்கா, போடுவது நான்.

சென்ற ஆண்டு வாசலில் ஒருவருக்குப் பகிடி சொல்லிக்கொண்டே துண்டைப் போட்டேன். பகிடி முடிந்து திரும்பினால், என் கை மற்றப் பெட்டியின் மேல் இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு. பூசை வைக்கும் சுவாமியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் எனக்கு நல்ல யோசனை எப்போது வந்தது? மயங்கி விழலாமா, பாம்பு என்று கத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுவாமி அத்தானின் பெயரை வாசித்துவிட்டார்.

நான் வாங்கில் உட்கார்ந்தபடியே பதுங்கினேன். அக்கா அசையவில்லை. அடுத்த பெயரை வாசிக்காமல் சுவாமி காத்திருந்தார். பிறகு சேலை சரசரக்கும் சத்தம். என் சேட்டுக் கொலரில் ஒரு கை.

"எழும்பி நில்லடா."

இரண்டு பேரும் நின்றோம்.

பூசை முடிந்து கரைவழியே நடந்தோம். "அக்கா, அது நான்தான் மாறி..." என்று தொடங்கினேன்.

"தெரியும். உன்ரை மூஞ்சியைப் பாக்கவே தெரிஞ்சுது." கொஞ்சத் தூரம் போய்ச் சொன்னாள்: "எத்தினை வருசத்துக்கு அந்த மனுசனைத் தண்ணியிலையே விட்டு வைக்கிறது?"

நின்று, என் சாவிக் கொத்தைக் காட்டினாள். "ஊது."

அந்த விசிலை அதுவரை நான் ஊதியதே இல்லை. ஊதி, அவர் வராமல் விட்டால் என்ற பயம். ஊதினேன். தூரத்தில், முழங்கால் தண்ணீரில் வலை வீசிக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

வேறு யாரோ.