சீரியல் அம்மாவிடம் சொன்ன ரகசியம்

தினசரி சீரியலில் அம்மா வேஷம் கட்டுகிறவளுக்குக் கேமரா முன்னால் கொஞ்சம் நடிப்பு இருந்தால் போதும், காய்கறிக் கடையில்தான் நிறையப் பொறுமை வேண்டும். சக அம்மாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மைசூர் வந்து, கன்னட சீரியல்களில் அம்மாவாக நடிக்கிறேன். வீட்டில் தமிழ், செட்டில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். இப்போது ஓடும் சீரியலில் என் மகன் ஆதித்யா பியூசி, அதாவது பிளஸ் டூ, படிக்கிற பையன். அவனுக்குப் பையன்களைத்தான் பிடிக்கும். 'கே' என்கிறார்களே, அது. முதலில் அக்காவிடம், பிறகு அம்மாவிடம், கடைசியில் அப்பாவிடம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வான் என்று டைரக்டர் கதை சொன்னார். ஒரேயடியாகச் சொன்னால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்களாம். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது.

பூக்காரம்மாவின் தீர்ப்பு

பல வாரங்கள் பையன் கதவைச் சாத்திக்கொண்டு அழுததுதான் கதை. காரணம் எங்களுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று யூகித்தார்கள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன், போனில் சூதாடுகிறான் என்றார். எதிர்வீட்டு டீச்சரம்மா, கணக்கில் ஃபெயில் என்றார்.

தேவராஜா மார்க்கெட்டில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் பூக்காரம்மா எங்கள் ஊர்ப் பக்கம், கொள்ளேகால்காரர். மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே என்னைக் கூர்ந்து பார்த்தார். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "இது பொண்ணு விசயந்தான் தாயி. சாதி கீதி பாக்காம பேசாமக் கட்டி வெச்சிரு, பையன் தேறிக்குவான்."

பெற்ற தாய்

ஆதித்யாவாக நடிக்கும் சேத்தன் நிஜத்தில் காலேஜ் மாணவன், கூச்ச சுபாவம். அவன் அக்காவிடம் உண்மையைச் சொல்கிற காட்சி எடுத்த அன்று அவனைப் பெற்ற அம்மா செட்டுக்கு வந்தார். ஒரு மூலையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சேத்தன் அன்று பிரமாதமாகச் செய்தான். பேசத் தொடங்கி, நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். லைட் பிடிப்பவர்கள்கூட அசையவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் போன் போட்டுக் குடைகிறார்கள், நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று புலம்பினார். மகன் நடிப்பில் பெருமையும் இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. கன்னடத்தில் அவர் சொன்னது இது: "நல்லா நடிச்சா இதே வேஷத்தைத்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பாங்க. சுமாரா நடிடான்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கறான்."

விழாத அறை

அடுத்தது என் முறை. மகன் சொன்னதும் அம்மா ஓங்கி அறைய வேண்டும், பிறகு மயங்கி விழ வேண்டும். பேப்பரில் அப்படித்தான் இருந்தது. சேனலிலும் அதையே எதிர்பார்த்தார்கள்.

சேத்தன் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான். கதைப்படி அவன் கண்ணைத் திறந்தபடி நிற்க வேண்டும். அந்த மூடிய கண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை எழும்பவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான், சொன்னது தமிழில் என்று உறைத்தது. "எத்தனை நாளாடா இதைத் தனியா வெச்சுக்கிட்டுத் திரிஞ்சே?"

டைரக்டர் மானிட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றிருந்தேன். அர்த்தம் கேட்டார். சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே, "இதையே வெச்சுக்கலாம் மேடம். கன்னடத்துல டப் பண்ணிடுங்க, வாய் ஒட்டாது, பரவாயில்ல" என்றார்.

சீட் கொடுத்தவர்

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள், ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற பஸ்ஸில் முக்காடு போடாத குறையாகத் தலையைக் குனிந்து ஏறினேன். ஒரு பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். எழுந்து சீட்டைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே திட்டினார். பிள்ளையை நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும், உங்களைப் போன்ற அம்மாக்களால்தான் ஊர் கெடுகிறது என்றார். அவர் கொடுத்த சீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

என் நிறுத்தம் வந்தது. இறங்கப் போகும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லிடாதீங்க. அந்த ஆளு முரடன், பையனை வெளிய தள்ளிடுவான்" என்றார்.

காவ்யாவின் பெருமூச்சு

அந்த வாரமே பெங்களூரிலிருந்து பிரபு போன் செய்தான். பிரபு என் அண்ணன் மகன். எங்கள் வழக்கப்படி அவனுக்கும் என் மகள் காவ்யாவுக்கும் முடிச்சுப் போடுவதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. இந்தத் தை பிறந்தால் பூ வைத்துவிடலாம் என்று அண்ணனும் நானும் நினைத்திருந்தோம்.

அவன் நலம் எதுவும் விசாரிக்கவில்லை. அந்தக் காட்சியில் நான் வாயசைத்தது தமிழ்தானே என்று கேட்டான். ஆமாம் என்று, என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். பிறகு, "எனக்கும் அதே மாதிரிதான் அத்தை" என்றான்.

சீரியலில் எனக்கு எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. இங்கே யாருமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன், அழுதேன், நீ எப்போதும் என் பிள்ளைதான் என்றேன். போனை வைத்த பிறகுதான் காவ்யா நினைப்பு வந்தது. எத்தனை வருஷ ஆசையோ, இவளிடம் எப்படிச் சொல்வது? அவனிடம் சம்மதம் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். "பியூசி படிக்கறப்பவே என்கிட்ட சொல்லிட்டான்மா. உனக்கு எப்போ தெரியும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்தோம்."

அண்ணன்

அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றான் பிரபு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹனூருக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் சொல்லி முடித்ததும் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் எழுந்து, மஞ்சள் காட்டுக்கு மோட்டார் போடப் போனார். சீரியல் அப்பா எப்படிக் கத்துவார் என்று எனக்குத் தெரியும். மோட்டார் போடப் போகிற அப்பாவை எந்தச் சீரியலிலும் நான் பார்த்ததில்லை. பிரபு என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அண்ணன் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பிரபுவின் போன் அடித்தது. அவன் யார் காதிலும் விழாமல் பேசுகிற பழக்கத்தில் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அண்ணன் அவன் முதுகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு இன்னும் முழுசாப் புரியலை அம்மிணி. ஆனா இனி என்ர பையன் போன் பேசறதுக்கு வெளிய போவ வேண்டாம்னு சொல்லு."

சீரியலில் அப்பாவுக்கு விஷயம் தெரிவதை இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே முடிந்துவிட்டது, இந்தக் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தச் சேனலும் வாங்காது.