வாரம் நான்கு முறை தலை போன பிரபு

கோடை முழுவதும் பேனாட்டின் தலையை வாரத்துக்கு நான்கு முறை வெட்டினார்கள். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. மற்ற நாட்களில் அவர் ஸ்காபரோவில் கொங்கிறீற் லொறி ஓட்டினார்.

ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு வயலில், ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துபோல வேடமிட்டு நடத்தும் ரியூடர் காலச் சந்தையில் அவருக்கு ஆங்கிலப் பிரபு வேடம். ஆறு வருடம் பின்வரிசையில் ஈட்டி பிடித்து நின்று பெற்ற பதவி. பிரபுவின் வாழ்க்கை நாற்பது நிமிடம். மன்னனோடு ஒரே கோப்பையில் குடிப்பார், மன்னனுக்காக பிரான்சில் ஏழு பேரைக் குத்திக் கொல்வார், மன்னனின் புதுக் கலியாணத்தைப் பற்றி வாய்தவறி ஒரு வசனம் சொல்வார், துரோகியாவார். அந்தச் சொல் ஒருவர்மேல் எவ்வளவு விரைவாக விழும் என்பதை, ஊரில் இயக்கக் காலத்தைப் பார்த்து வந்த பேனாட்டுக்கு இயக்குநர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ஒரு வழக்கம். முகமூடி போட்ட தலைவெட்டி முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்பார். பிரபு மன்னிப்பார். பிறகுதான் கழுத்தைக் கட்டையில் வைப்பார். கோடரி நிசமானது, கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி இறங்கும். மெழுகுத் தலை ஒன்று கூடைக்குள் உருளும்.

இவ்வருடம் தலைவெட்டி புதியவர். ஒத்திகையின் முதல் நாள் அவர் முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடித்தபோது பேனாட் அடையாளம் கண்டார். பிரதாபன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில், தமிழ்ப் பெடியளின் கோஷ்டிச் சண்டையொன்றில் பேனாட்டை வாளால் வெட்டியவர். கழுத்துக்கு வந்த வெட்டு தோளில் இறங்கியது. அன்று பேனாட்டின் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது, அதில் யாருடையதோ ஒரு பல்லும் இருந்தது என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணை, நீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டன்."

"உன்ர குறி இப்ப எப்பிடி?"

"பயிற்சி எடுத்தனான். தள்ளித்தான் விழும்."

"அண்டைக்கும் தள்ளித்தான் விழுந்தது."

வீட்டில் மனைவி நிரூபா கத்தினாள். "உவன்ர கோடரிக்குக் கீழ தலையை வைக்க உங்களுக்கென்ன விசரே? விட்டிட்டு வாங்கோ."

"ஆறு வருசம் ஈட்டி பிடிச்சனான்," என்றார் பிரபு.

முதல் சனிக்கிழமை, முதல் காட்சியில், நானூறு பேர் பார்த்திருக்க, பிரதாபன் முழந்தாளிட்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பேனாட் அவருடைய முகத்தில் குத்தினார். விழுந்தவரை உதைத்தார். முகமூடிக்குள்ளிருந்து இரத்தம் வழிந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. பிரதாபன் எழுந்து கோடரியை எடுத்தார்.

"படுங்கோ அண்ணை. சனம் பாக்குது."

பேனாட் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை வைத்தார். மரத்தூள் கன்னத்தில் தெறித்தது. சரியாக ஒரு சாண்.

இயக்குநருக்கு அந்த அடி மிகவும் பிடித்துப்போயிற்று. மன்னிப்பு வசனத்தை வெட்டிவிட்டு அடியை வைத்துக்கொண்டார். பொய்யாக அடிக்கச் சொன்னார். பேனாட்டுக்குப் பொய்யாக அடிக்க வரவில்லை. பிரதாபனும் முறையிடவில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் முப்பத்தொன்பது முறை அடி வாங்கி, ஒரு பல்லையும் இழந்து, முப்பத்தொன்பது முறையும் ஒரு சாண் தள்ளியே வெட்டினார்.

கடைசி ஞாயிறு, நாற்பதாவது முறை, பேனாட் ஓங்கிய கையை இறக்கினார். வெட்டப்பட்ட வசனத்தைச் சொன்னார். மன்னித்தேன். அடியைப் பார்க்கவென்றே வந்திருந்த சனம் ஊளையிட்டது. மேடைக்குப் பின்னால் இயக்குநர் அவரைத் திட்டித் தீர்த்தார்.

"அடிச்சிருக்கலாமே அண்ணை," என்றார் பிரதாபன்.

"கை நோகுதடா. உன்ர தாடை இரும்பு."