கம்பளிக்கு அடியில் ஒரு வேட்டி

இங்கிலாந்தின் இந்த லீட்ஸ் நகரத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், அக்கம்பக்கத்துப் பெண்கள் கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த அறுபத்துமூன்றாம் வருஷம் எங்கள் மகள் ரோசலின் பிறந்தபோது, அடுத்த வீட்டு ஹில்டா மட்டும் நான்கு சட்டை பின்னிக் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் நாங்கள் பச்சைப்பிள்ளைக்குப் பழைய துணிதான் போடுவோம். அதைப் பக்குவமாகச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. சிரித்து வாங்கிக்கொண்டேன். இந்தத் தெருவில் என்னோடு பேசும் ஒரே மனுஷி அவர்தான்.

மூன்றாம் மாதம் பிள்ளைக்குக் கரப்பான் வந்தது. கன்னமும் கழுத்தும் சிவந்து, பொரிந்து, நீர் வடிந்தது. தூங்காமல் சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். நான் பயப்படவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் குடியிருந்தபோது, வேர்வையோடும் உப்புத் தண்ணீரோடும் மல்லுக்கட்டி மூத்தவனின் கரப்பானை ஆற்றியவள் நான். அப்போது கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் விட்டுப் பத்தியம் இருந்தேன். இங்கேயும் இருக்கலாமென்றால், விடுவதற்காவது கத்தரிக்காய் கிடைக்க வேண்டுமே. அவித்த உருளைக்கிழங்கே கதியென்று இருப்பவள் எதை விடுவது?

டாக்டர் களிம்பு கொடுத்து, சோப்பைக் குறைக்கச் சொன்னார். கொஞ்சம் ஆறும். ஹில்டா வரும் நாளில் மரியாதைக்காக அவர் பின்னிய சட்டையை மாட்டுவேன். மறுநாள் பழையபடி பொரிந்துவிடும். ஒருநாள் குளிப்பாட்டும்போதுதான் கவனித்தேன், கம்பளி விளிம்பு உரசுகிற கழுத்திலும் மணிக்கட்டிலும்தான் புண் அதிகம். என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிள்ளையின் தோலைக் கொடுத்துச் சிநேகிதம் வாங்கியிருக்கிறேன்.

பேகம்பூரில் அடுத்த வீட்டு மெஹர் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. "புதுத்துணி உறுத்தும்மா. தோச்சுத் தோச்சு நைஞ்சது இருந்தா அதக் கிழிச்சுப் போடு." டிரங்குப் பெட்டியிலிருந்து என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை எடுத்துக் கிழித்தேன்.

"அந்தம்மா பாத்தா என்னா நெனைக்கும்? அம்புட்டு ஆசையாப் பின்னுச்சே" என்றார் அவர்.

"பிள்ள தோலு உரிஞ்சு கெடக்கு. நெனைக்கிறத நெனைக்கட்டும்."

ஹில்டா வந்தார். கிழிந்த துணியில் பிள்ளையைப் பார்த்ததும் முகம் வாடி, தன் வீட்டுக்குத் திரும்பினார். அரைமணி நேரத்தில் இன்னும் இரண்டு கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். எங்களுக்கு வசதியில்லை என்று எடுத்துக்கொண்டார் போலும். இனி வாய் உதவாது. அவர் விரலைப் பிடித்துக் கம்பளியில் வைத்தேன், பிறகு வேட்டியில், பிறகு பிள்ளையின் கழுத்துப் புண்ணுக்குப் பக்கத்தில். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

போகும்போது, துணி மூலையில் இருந்த நீலக்குறி என்னவென்று கேட்டார். சலவைக்காரர் போட்டது, துணி சரியான வீட்டுக்குத் திரும்பிவர என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஒரு கம்பளிச் சட்டையையும் மீதி வேட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் சட்டை திரும்பி வந்தது. கழுத்து முதல் கை நுனிவரை உள்ளே வேட்டித் துணியை வைத்துத் தைத்திருந்தார். நீலக்குறியை வெட்டி எறியாமல், நெஞ்சுப் பக்கம் வரும்படி வைத்திருந்தார். ரோசலின் இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் நன்றாகத் தூங்குகிறாள். பேகம்பூர்ச் சலவைக்காரர் அந்தக் குறியைப் பார்த்தால், எந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்று சட்டென்று சொல்லிவிடுவார். சட்டையை மட்டும். அதற்குள் தூங்குகிறவள் எந்த ஊருக்குச் சொந்தம் என்று அவராலும் சொல்ல முடியாது.