வள்ளியக்கா என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி

வியாழக்கிழமை காலை மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தபோது காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் முருகேசன் போன் செய்தான். "அண்ணா, வள்ளியக்கா போயிட்டாங்க" என்றான். கடை திறக்க வந்தவர், பூட்டில் சாவியைப் போட்டபடியே உட்கார்ந்துவிட்டாராம். எழுந்திருக்கவில்லை. என் வயதில் இப்படிப்பட்ட போன்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிர்ந்துபோக உடம்பில் தெம்பில்லை. ஆனால் இது அப்படிக் கடந்துபோகவில்லை. பத்து நாளுக்கு முன்புதான் அவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

மலையேறி இறங்கும் என்போன்ற வியாபாரிகளுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அடிவாரத்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கடையில் தனியாள்தான்.

அவரை முதலில் பார்த்தது நான் பழைய கார் ஒன்று வாங்கிய புதிதில். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று மலைமேல் எங்கள் செம்மேட்டிலிருந்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் முன்சக்கரம் புகைந்தது. ரோட்டோர ஊற்றில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு மீண்டும் இறங்கினேன். அதன்பின் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறியது. முருகேசன் பிரேக் டிஸ்க்கைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, புதிதாக வாங்கிவரச் சொன்னான். வள்ளியக்கா அதை வாங்கி நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்லீங்களே."

"மேல இருந்து நியூட்ரல்ல உருட்டறது, பொகைஞ்சா ஊத்துத் தண்ணிய ஊத்தறது. மலைக்காரங்க அத்தன பேருக்கும் இதே பொழப்பு. காஞ்ச இரும்புல பச்சத் தண்ணி பட்டா கோணிக்காதுங்களா? நீங்க இல்லைங்கறீங்க, இது ஆமாங்குது. பழசு பொய் சொல்லாதுங்க."

அன்றிலிருந்து என்ன வாங்கினாலும் கழற்றியதைக் கொண்டுபோய்க் காட்டுவது எனக்கு வழக்கமாயிற்று.

பிரேக் பேடு, டிஸ்க் கேட்டு யார் போனாலும், "யாருங்க மாட்டறது?" என்பார். மெக்கானிக் என்றால் பேசாமல் எடுத்துத் தருவார். நானே என்றால் மூன்று கேள்வி. ஜாக்கு நழுவினால் வண்டியைத் தாங்க ஸ்டாண்டு இருக்கிறதா? வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடல் கெட்டிப்படும்வரை மிதிக்க வேண்டும் என்று தெரியுமா? மூன்றாவதுதான் பெரியது: "மாட்டி முடிச்சு மொத எறக்கத்துல ஊட்டுக்காரிய ஏத்திட்டு எறங்குவீங்களா?"

ஒருநாள் நான் நிற்கும்போதே ஜீப்காரர் ஒருவர் எகிறினார். "காசு குடுத்தாப் பொருளக் குடுக்கோணும். கேள்வியென்ன கேள்வி?"

"பொருளு இந்தா இருக்குதுங்க. பதிலக் குடுத்துட்டு எடுத்துக்கங்க."

அவர் முறைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கே பொறுக்கவில்லை. "வர்ற யாவாரத்தத் தொரத்துறீங்களே. அன்னாசிப்பழம் வாங்கறவன்கிட்ட அறுக்கக் கத்தி இருக்குதான்னு நான் கேக்கறனா?" என்றேன்.

"அன்னாசியத் தின்னுபோட்டு எவனும் வளைவுல உழுவறதில்லீங்க."

தானே மாட்டுவதற்கு அவர் எதிரி இல்லை. அதே வாரம் ஒரு வாத்தியார் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். அவரிடம் அக்கா, புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லி, சிரித்த முகமாக அனுப்பிவைத்தார்.

போன வாரத்துக்கு முந்தைய வாரம் என் காரில் பேடு தேய்ந்து கீச்சிட்டது. டிஸ்க்கும் நடுவில் தேய்ந்து விளிம்பு கட்டிவிட்டது. இந்த முறை நானே மாட்டுவது என்று முடிவு செய்தேன். மூட்டை தூக்கியதிலிருந்து கூரை வேய்ந்தது வரை எல்லாம் என் கையால் செய்து மேலே வந்தவன் நான். அடுத்தவன் கையில் கொடுத்தால் தோற்றுவிட்டதுபோல் இருக்கும். போனில் வீடியோ வேறு நாலைந்து பார்த்திருந்தேன். ஆனால் அந்த மூன்றாவது கேள்விக்கு நிற்க மனமில்லை.

"யாருங்க மாட்டறது?"

"முருகேசன்" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பேடையும் டிஸ்க்கையும் எடுத்து வைத்தார். பிறகு எண்ணெய் துடைக்கிற ஸ்ப்ரே டப்பா ஒன்றையும் கூடவே வைத்தார். "முருகேசங்கிட்ட இருக்கும். இருந்தாலும் வெச்சுக்கங்க. பழசக் கொண்டாந்து காட்டுங்க."

புதன்கிழமை பகல் முழுக்க முட்டி வலியோடு மண்ணில் கிடந்து மாட்டி முடித்தேன். அந்த டப்பா இல்லாவிட்டால் எண்ணெய்ப் பூச்சோடேதான் மாட்டியிருப்பேன். செம்மேட்டுக்குள் இரண்டு சுற்று ஓட்டினேன். நன்றாகவே நின்றது.

மறுநாள்தான் அந்த போன். வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கிளம்பித் தயாராகக் கார்க் கதவருகே நின்றிருந்தாள். "ஏனுங்க, கெளம்பலாமா? எடுத்துருவாங்கல்ல."

சாவி கையில் இருந்தது. கீழே எழுபது வளைவு. அக்கா கேட்காமல் விட்டதை இவள் கேட்கிறாள் என்று பட்டது. என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"பஸ்ஸுல போயிக்கலாம்."

"காருக்கு என்னவாம்? நேத்தெல்லாம் அதுக்கடியிலதான கெடந்தீங்க?"

"அதனாலதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பஸ் வளைவு வளைவாக இறங்கியது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்தக் கடைசி முகத்தைப் பார்க்காமல் போனது என் வீம்பினால்தான். வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை முருகேசனை வரவழைத்து இரண்டு சக்கரத்தையும் அவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் சரியாத்தான போட்டிருக்கீங்க. அப்பறம் ஏனுங்ணா பஸ்ல வந்தீங்க?" என்றான்.

கழற்றிய டிஸ்க் இரண்டும் சாக்கில் சுற்றி என் கடையில் கிடக்கின்றன. ஒன்றில் மயிரிழையாக விரிசல் ஓடுகிறது. கோடையில் ஒருமுறை மறுபடியும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். அக்கா நகத்தை ஓட்டியதும் கண்டுபிடித்திருப்பார். அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பவை அடியில் கொஞ்சம் மருந்து தங்கிய அந்த டப்பாவும் அந்த மூன்றாவது கேள்வியும்தான். இனி எதையாவது என் கையால் செய்து முடித்தால், என் மனைவி கதவருகே நிற்பதாக நினைத்துக்கொள்வேன்.