உள்ளூர்க்காரருக்கு அறை இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, நான் பிறந்த மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் தெருவிலுள்ள பன்னிரண்டு அறை விடுதியில், என் முகவரி பிரான்ஸ் என்று தெரிந்ததும் மேலாளர் எழுந்து நாற்காலி போட்டார். என் அண்ணனின் ஆதார் அட்டையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“லோக்கல் அட்ரஸுக்கு ரூம் குடுக்கறதில்ல சார். ஓனர் ரூல்.”

அண்ணனுக்கு முந்தைய நாள்தான் செங்கல்பட்டில் கண்புரை அறுவை நடந்திருந்தது. மூன்று நாள் கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டிலோ ஓட்டைப் பிரித்துத் தளம் போடுகிறார்கள். சிமெண்ட் தூசி சோற்றில்கூட விழுகிறது. அதற்காகத்தான் இரண்டு கட்டில் உள்ள அறை கேட்டேன். மேலாளரிடம் இதைச் சொன்னேன்.

“வூடு இருக்கறவன் ரூம் கேட்டா இன்னா சார் அர்த்தம்? தண்ணி, சீட்டு, இல்லன்னா வேற மேட்டரு. போலீஸ் வந்தா எனக்குத்தான் பேஜாரு.”

பச்சைக் கண்ணாடிக்குள் அண்ணன் சிரித்தார். “மேட்டரா? ஒரு கண்ண மூடிகினு சொட்டு மருந்தோட வந்துகீறேன் அண்ணாத்த.”

மேலாளர் சிரிக்கவில்லை. “சார் தங்கலாம். அவரு வந்து பாத்துட்டுப் போவட்டும். மேல மட்டும் வேணாம்.”

பதினாறு ஆண்டுகளுக்கு முன், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரின் பழைய பகுதியில், பேராலயத்தின் பின்சந்திலிருந்த சிறிய ஓட்டலில்தான் என் முதல் நான்கு நாட்கள் கழிந்தன. கடவுச்சீட்டு, வேலை உத்தரவு, கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட நகல்கள் என்று எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினேன். அங்கிருந்த அம்மாள் ஏதோ கேட்டார். சந்தேகப்படுகிறார் என்று நினைத்துப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வைத்தேன். அவர் கேட்டது, காலையில் காபியா தேநீரா என்பதுதான். அந்த நாட்டைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. வாடகை வீடு தேடியபோது என் பெயரைக் கேட்டதுமே போனை வைத்தவர்கள் அங்கும் உண்டு. அவர்கள் என்னை அந்நியன் என்று மறுத்தார்கள். இங்கே என் அண்ணனை மறுத்தது, அவர் இந்த ஊர்க்காரர் என்பதற்காக. இந்த விடுதியில் விருந்தினர் சாப்பிடும் வஞ்சிரம் எத்தனையோ நாள் மீனவரான அவர் வலையில் விழுந்தது. மீன் மாடி ஏறலாம், பிடித்தவர் ஏறக்கூடாது.

மேலாளர் எனக்கென்று நீட்டிய சாவியை மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

“நீ தங்குடா. தூசில படுத்தா கண்ணு பூடுமா?” என்றார் அண்ணன்.

“போகும்ணே.”

முகத்தைத் துண்டால் மூடி ஆட்டோவில் திருப்போரூருக்கு அழைத்துப் போனேன். கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் அவருடைய ஆதாரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சொந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாத தூரத்தில் அவர் மரியாதைக்குரிய வெளியூர்க்காரர் ஆகிவிட்டார்.

பதிவேட்டில் அவருக்காக நான் எழுதினேன். வரும் ஊர்: மாமல்லபுரம். போகும் ஊர்: மாமல்லபுரம். அடுத்த வரி எனக்கு. சனிக்கிழமை எனக்கு பிரான்சுக்கு விமானம். பேனா நின்றது.

“இன்னாடா, எழுது. படுக்கணும்,” என்றார் அண்ணன்.

“அண்ணன் தம்பிதானே சார், கீழ டிட்டோ போட்ருங்க,” என்றார் லாட்ஜ்காரர்.

போட்டேன். சனிக்கிழமை வரைக்கும் மட்டும் செல்லும் இரண்டு சிறு கோடுகள்.